ஏசி குழாயைக் கழுவினால் பிள்ளையின் இருமல் நிற்குமா?

கேள்வி: சென்னையிலிருந்து அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸுக்குப் பக்கத்திலுள்ள சாண்ட்லருக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. 7 வயது மகனுக்கு இளைப்பு (ஆஸ்துமா) உண்டு. பாலைவன ஊர், வறண்ட காற்று, இளைப்புக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நவம்பர் பிறந்தால் இரவெல்லாம் இருமுகிறான். காலையில் மலைப் பக்கம் பழுப்பாக ஒரு படலம் தெரிகிறது. 99 டாலர் கூப்பனைப் பார்த்து, வீட்டுக்குள் காற்றைக் கொண்டுபோகும் ஏசி குழாய்களைச் (டக்ட்) சுத்தம் செய்ய ஒருவரைக் கூப்பிட்டோம். வந்தவர் உள்ளே கறுப்பாகப் பூஞ்சை இருக்கிறது என்று போனில் படம் காட்டி, சுத்தம் செய்து, காற்றைச் சுத்தமாக்கும் என்று ஒரு அயனிக் கருவியும் பொருத்த 2,800 டாலர் கேட்கிறார். செய்துவிடலாமா? ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாருக்குச் சர்க்கரை உண்டு; இரண்டு வாரமாக அவருக்கும் இருமல்.

பதில்: வேண்டாம், அம்மா. அந்த 2,800 டாலரைத் தொடாதீர்கள். பையனுக்கு என்ன செய்வது என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்த ஆளை அனுப்பிவிடுவோம்.

99 டாலர் என்பது வாசலைத் திறக்க வைக்கும் விலை. உள்ளே வந்தபின் ஒரு படம் வரும். அது உங்கள் வீட்டுக் குழாய்தானா? உங்கள் போனை அவரிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நிற்க, அதே இடத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினாலும் பதற வேண்டாம். பாலைவனத்தில் எந்த வீட்டில் துடைத்தாலும் துணி கறுக்கும். குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடக்கும் தூசி அங்கேயே கிடக்கிறது. அது பெரும்பாலும் பிள்ளையின் மார்புக்குள் போவதில்லை. குழாயைச் சுத்தம் செய்ததால் நோய் வராமல் தடுக்கப்பட்டதாக நிரூபணம் இல்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே சொல்கிறது.

அயனிக் கருவிதான் இன்னும் மோசம். இந்த வகைக் கருவிகளில் பல ஓசோனைக் கக்குகின்றன. இளைப்புள்ள மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுவதில் ஓசோன் கெட்டிக்காரன். கோடை முழுக்க ஃபீனிக்ஸ் மல்லுக்கட்டுவதே ஓசோனோடுதான். அதைக் காசு கொடுத்து வாங்கிக் குளிர்காலத்தில் படுக்கையறைக்குள் விடுவானேன்? கலிஃபோர்னியாவில் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி விற்க வேண்டுமானால் அந்த மாநிலக் காற்று வாரியத்தின் சான்று வேண்டும். சான்று பெற்றவற்றின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. நீங்கள் அரிசோனாவில் இருந்தாலும் அதைப் பார்த்தே வாங்கலாம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டுக்கு வந்து விற்ற பொருள் 25 டாலரோ அதற்கு மேலோ என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்ய மத்திய அரசு விதி இடம் தருகிறது. சனிக்கிழமையும் அதில் வேலை நாள்தான். ஆளை நீங்களே கூப்பிட்டீர்களே என்று அவர் வாதாடலாம். நீங்கள் கூப்பிட்டது சுத்தம் செய்ய. கருவி அவராகத் தலையில் கட்டியது. கருவிக்கு இந்த விதி செல்லும்.

சரி, பையன் ஏன் நவம்பரில் இருமுகிறான்? நீங்கள் காலையில் பார்க்கும் அந்தப் பழுப்புப் படலம்தான் முதல் சந்தேகம். மேற்கே எஸ்ட்ரெல்லா, கிழக்கே சூப்பர்ஸ்டிஷன் என்று சுற்றிலும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு. குளிர்கால இரவில் மேகமில்லாத வானத்துக்குக் கீழே தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போய்க் கீழேயே உட்கார்ந்துகொள்ளும். வெதுவெதுப்பான காற்று மேலே சட்டிமேல் மூடிபோல நிற்கும். அன்று இரவு ஊர் விடும் புகையெல்லாம் மூடிக்கு அடியில்தான். வெயில் ஏறித் தரை சூடாகி, காலை பத்து பதினோரு மணிவாக்கில்தான் மூடி விலகும்.

புகை எங்கிருந்து வருகிறது? வண்டிகள், கட்டுமானத் தூசி எல்லாம் வருடம் முழுக்க உண்டு. குளிர்காலத்தில் கூடுதலாகச் சேர்வது விறகு. இந்த ஊர்க் குளிருக்கு விறகு தேவையே இல்லை. கொல்லையில் நெருப்புக் குழி மூட்டி நாலு பேர் சுற்றி உட்காருவது ஒரு அலங்காரம். கிறிஸ்துமஸ் இரவும் புத்தாண்டு இரவும்தான் உச்சம். விறகோடு வெடியும் சேர்ந்துகொள்ளும். 2010 முதல் அரிசோனாவில் சாதாரண மக்கள் பட்டாசு வாங்கலாம். தீபாவளிக்கும் வெடி வெடிக்கச் சட்டத்தில் தனியாக நாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதால், நம்மவர்கள் மற்றவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பொதுவாக மேற்கு, தெற்கு ஃபீனிக்ஸில்தான் புகை அதிகம் தேங்கும். அதற்காகச் சாண்ட்லர் தப்பித்தது என்று நினைக்க வேண்டாம்.

ஃபீனிக்ஸும் சாண்ட்லரும் அடங்கிய மாரிகோபா கவுண்டி 'விறகு எரிக்கக் கூடாத நாள்' என்று அறிவிக்கும். கேஸ் அடுப்புக் கணப்புக்கு அது பொருந்தாது. ஆனால் ஊர் முழுக்க ஆயிரக்கணக்கான கொல்லைகளில் எரியும் நெருப்பை யார் போய் அணைப்பது? பெரும்பாலும் யாராவது புகார் கொடுத்தால்தான் உண்டு. இதற்கு மேல் ஒரு வேடிக்கை. பாரம்பரியக் கொண்டாட்ட வெடி போன்ற 'விதிவிலக்கான நிகழ்வு'களால் காற்று கெட்டால், அந்த நாளின் அளவைக் காற்றுத் தரக்கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி மாநிலம் மனுப் போடலாம். அன்று இரவு அந்தக் காற்றை இழுத்த பிள்ளையின் இருமலை எந்தக் கணக்கிலிருந்து நீக்குவார்கள் என்று விதியில் இல்லை. புகையிலுள்ள நுண்துகளுக்கு (பி.எம் 2.5) உள்ள சட்ட வரம்பும் 24 மணி நேரச் சராசரிதான்: கன மீட்டருக்கு 35 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 15 என்கிறது. இரவு பதினொன்றுக்குப் புகை எகிறி, பிற்பகலில் காற்று துப்புரவாகிவிட்டால் சராசரி சாதுவாகத்தான் நிற்கும். ஆகவே காற்றுத் தரக் குறியீடு காட்டும் அன்றைய நிறத்தை மட்டும் பார்க்காமல், மணிவாரியான அளவைப் பாருங்கள்.

இனி உங்கள் வீடு. தெர்மோஸ்டாட்டில் ஃபேன் 'ஆட்டோ'வில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும், எல்லா வீட்டிலும் இருக்கும். கோடையில் ஏசி ஓயாமல் ஓடுவதால் வீட்டுக் காற்று திரும்பத் திரும்ப ஃபில்டருக்குள் போய் வருகிறது. டிசம்பர் இரவில் ஹீட்டர் எப்போதோ ஒருமுறைதான் ஓடும். மற்ற நேரமெல்லாம் ஃபில்டர் சும்மா கிடக்கும். புகை நாட்களில் இரவு ஃபேனை 'ஆன்'இல் வையுங்கள். ஃபில்டர் மெர்வ் 13 ஆக இருந்தால் நல்லது (மெர்வ் என்பது ஃபில்டர் துகளைப் பிடிக்கும் திறனுக்கான எண்). உங்கள் மெஷின் அதைத் தாங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டும்போது அட்டைச் சட்டத்தில் இருக்கும் அம்புக்குறி மெஷின் பக்கம் பார்க்க வேண்டும். ஓரத்தில் சந்து தெரிந்தால் காற்று அந்த வழியாகவே ஓடிவிடும்.

பையன் படுக்கும் அறைக்கு மட்டும் ஹெப்பா ஃபில்டர் உள்ள ஒரு காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்குங்கள். பெட்டியில் புகைக்கான 'சி.ஏ.டி.ஆர்' என்று ஒரு எண் இருக்கும்; சுத்தமான காற்றை எவ்வளவு வேகமாகத் தருகிறது என்பதன் அளவு அது. அறையின் சதுர அடிக்குக் குறையாமல் அந்த எண் இருந்தால் போதும்: 150 சதுர அடி அறைக்கு 150. அயனி, பிளாஸ்மா என்று பொத்தான் இருந்தால் அணைத்து வையுங்கள். கதவைச் சாத்தி வைத்தால்தான் பலன்.

அடுக்களையையும் பாருங்கள். அடுப்புக்கு மேலே மைக்ரோவேவ் பொருத்திய வீடு என்றால், தாளிக்கும்போது அதன் மேல் விளிம்பில் உள்ள துளைகளுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். காற்று முகத்தில் அடித்தால், அது புகையை வெளியே அனுப்பவில்லை, சுற்றி உங்களுக்கே தருகிறது. மிளகாய் வறுக்கும்போது ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை இந்தக் குளிர்காலம் முடியும்வரை நிறுத்த முடியுமா என்று மாமியாரிடம் நயமாகக் கேளுங்கள். ஊதுவத்தியும் அதே கதைதான்.

ஓடி விளையாடும் நேரத்தையும் மாற்றுங்கள். கோடையில் இங்கே காலையில் வெளியே போ என்போம். குளிர்காலத்தில் பிற்பகல்தான் நல்லது. டாக்டர் எழுதிக் கொடுத்த தினசரி இன்ஹேலரை, இருமல் குறைந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இரவில் இருமி எழுவது வாடிக்கையாகிவிட்டதென்றால் இளைப்பு கட்டுக்குள் இல்லை என்று பொருள். மருந்தின் அளவைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே சதை உள்வாங்கினாலோ, முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ காத்திருக்காமல் 911ஐ அழையுங்கள்.

மாமியாரின் இருமலை இந்தப் புகைக் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஊர் மண்ணில் காக்சிடியாய்டிஸ் என்றொரு பூஞ்சை வாழ்கிறது. மண்ணைக் கிளறினால், காற்று அடித்தால் அதன் வித்துகள் பறக்கும். மூச்சில் போனால் 'பள்ளத்தாக்குக் காய்ச்சல்' (வேலி ஃபீவர்) வரலாம். அமெரிக்காவில் பதிவாகும் இந்த நோயில் பெரும் பங்கு அரிசோனாவில்தான். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பலருக்குத் தானே சரியாகிவிடும். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கடுமையாக வரக்கூடும். இருமல், காய்ச்சல், ஆளை அடித்துப் போட்டதுபோல் அசதி, இரவில் வியர்வை, மூட்டு வலி என்று சாதாரண நிமோனியா மாதிரியே இருக்கும். கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்புவார்கள். அது பூஞ்சைக்கு வேலை செய்யாது. மறுபடி போனால் வேறு ஆன்டிபயாடிக். இப்படியே வாரங்கள் ஓடும். ஆகவே முதல் தடவையே 'பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்' என்று நீங்களே வாய் விட்டுக் கேளுங்கள். ஆரம்பத்தில் பரிசோதனையில் தெரியாமல் போவதும் உண்டு. இருமல் தொடர்ந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

அவர் ஊருக்குத் திரும்பியபின் இருமல் வந்தாலும் இது பொருந்தும். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் நம் ஊர் டாக்டருக்கு முதலில் காசநோய்தான் தோன்றும். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் இந்தப் பூஞ்சையைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. மாமியாரின் மருத்துவக் கோப்பின் முதல் தாளில், அரிசோனாவில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை இருந்தார் என்று எழுதி, காக்சிடியாய்டிஸ் பரிசோதனையின் முடிவையும் சேர்த்து வைத்து அனுப்புங்கள்.