அறுபது வயதுக்கு மேல் இசைத்துறையில் நுழைந்து பேர் வாங்கியவர் யாராவது உண்டா?

உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் அமெரிக்காவின் எலிசபெத் காட்டன். நாட்டுப்புறப் பாடகி, கிட்டார், பாஞ்சோ (கிட்டார் போன்ற ஒரு தந்தி வாத்தியம்) இரண்டும் வாசிப்பார், பாட்டும் எழுதுவார்.

வட கரோலினாவில் பிறந்தவர். இடக்கைக்காரர். சிறுமியாக அண்ணனின் பாஞ்சோவை எடுத்துத் தானே பழகினார். அது வலக்கைக்காரருக்குத் தந்தி கட்டியது. தந்திகளை மாற்றாமல் கருவியையே திருப்பிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் வாங்கிய கிட்டாரையும் அப்படியே வாசித்தார். தடித்த தந்திகள் கீழே, மெல்லியவை மேலே. அதனால் எல்லோரும் கட்டைவிரலால் அடித்தாளம் போட்டால், இவர் கட்டைவிரலால் மெட்டை வாசித்தார். விரல்கள் தாளம் பார்த்துக்கொண்டன. அந்தப் பாணிக்கே இவர் பெயர்தான்.

கல்யாணம், தேவாலயம், குடும்பம் என்று கிட்டார் பல பத்தாண்டுகள் மூலைக்குப் போய்விட்டது. வாஷிங்டனில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, தொலைந்துபோன ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். அந்தச் சிறுமி பெகி சீகர். வீடோ இசைக் குடும்பம்! அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, சுவரில் தொங்கிய கிட்டாரை மறுபடி எடுத்தார். பெகியின் அண்ணன் மைக் சீகர் ஒலிப்பதிவு செய்ய, 1958-ல் முதல் ஆல்பம் வந்தது.

சின்ன வயதில் இவர் எழுதிய 'ஃபிரெய்ட் டிரெயின்' பாட்டு அதற்குள் பிரிட்டனில் வேறு ஆட்களின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. உரிமையைப் போராடித்தான் மீட்க வேண்டியிருந்தது. 1985-ல் கிராமி விருது வாங்கும்போது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது.