குரங்கினப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. விலங்கியலில் இளங்கலை முடித்துவிட்டு, வால்பாறையில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் சிங்கவால் குரங்குகளைப் பற்றிப் பதிவெடுக்கும் வேலையில் இருக்கிறாள். மாதம் 20,000 ரூபாய் கிடைக்கிறது. குரங்கினங்களின் உயிரியலும் பாதுகாப்பும் குறித்த ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்துள்ளது. கட்டணம், தங்கும் செலவு, விசா, பயணம் எல்லாம் சேர்த்து 34 லட்சம் ஆகும் என்கிறார் கோவை ஏஜென்ட். எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கையில் வரும் சம்பளம் 92,000. கொழுந்தனாரின் கோழிப்பண்ணைக்காக 2019இல் கணவர் பெயரில் 5 லட்சம் தனிநபர் கடன் வாங்கினோம். மூன்று முறை டாப்-அப் செய்ததில் இப்போது 11 லட்சம் பாக்கி. வட்டி 14 சதவீதம், மாதத் தவணை 25,600. மகளுக்காக 4 லட்சம் வைப்பு நிதியும், மாதம் 10,000 ரூபாய் தொடர் வைப்பும் போட்டு வருகிறோம். வீட்டை அடமானம் வைத்து மகளை அனுப்பலாம் என்கிறார் கணவர். எப்படியும் பத்திரத்தை வைக்கத்தானே போகிறீர்கள், கூடவே எனக்கும் ஐந்து லட்சம் வாங்கிக் கொடுங்கள் என்கிறார் கொழுந்தனார். குரங்கைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். தூக்கமே வருவதில்லை. என்ன செய்யலாம்? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: உங்கள் கவலை முழுவதும் மகளின் படிப்பைச் சுற்றியே இருக்கிறது. ஆனால், உங்கள் குடும்பத்தின் பணத்தைக் கரைத்துக்கொண்டிருப்பது அந்தப் படிப்பு அல்ல. கொழுந்தனார் கேட்கும்போதெல்லாம் கடனை டாப்-அப் செய்து கொடுக்கும் பழக்கம்தான். 2019இல் ஐந்தாண்டுத் தவணையில் வாங்கிய அந்த 5 லட்சம், டாப்-அப் செய்யாமல் விட்டிருந்தால் 2024இலேயே முடிந்திருக்கும். ஒவ்வொரு டாப்-அப்பிலும் வங்கி பழைய கடனை முடித்துப் புதிய கடனைத் தொடங்குகிறது. தவணைக் காலமும் முதலிலிருந்து ஓடத் தொடங்குகிறது. தொடக்க மாதங்களில் நீங்கள் கட்டும் 25,600 ரூபாயில் ஏறத்தாழ 12,800 வட்டிக்கே போய்விடும். அசல் கரையத் தொடங்கும் நேரத்தில் மறுபடி டாப்-அப் செய்தால், அதிகம் வட்டி கட்டும் அந்தத் தொடக்க மாதங்களிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டிருப்பீர்கள். கடன் உங்கள் கணவர் பெயரில் இருப்பதால், கொழுந்தனார் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காவிட்டாலும் வங்கி அவரை எதுவும் கேட்காது.

இப்போது வெளிநாட்டுப் படிப்பின் கணக்கைப் பார்ப்போம். 34 லட்சம் கல்விக் கடன், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் ஓராண்டும் அதற்குப் பிந்தைய ஆறு மாதமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். அது மட்டும் சுமார் 5.6 லட்சம். ஆகத் திருப்பிக் கட்டத் தொடங்கும்போது கடன் 39.6 லட்சமாக நிற்கும். பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 54,500 ரூபாய். ஏற்கெனவே கட்டும் 25,600ஐச் சேர்த்தால் 80,100. கொழுந்தனார் கேட்கும் 5 லட்சத்தையும் அதே வட்டியில், பத்தாண்டுத் தவணையில் வீட்டின் மேல் வாங்கினால் இன்னொரு 6,900. உங்கள் 92,000 ரூபாயில் 5,000தான் மிஞ்சும். அதில் யாரும் குடும்பம் நடத்த முடியாது. தவணை தவறினால், நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வீட்டைக் கையகப்படுத்தி விற்கும் அதிகாரத்தை 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வங்கிக்குக் கொடுத்திருக்கிறது.

மகள் சம்பாதித்துக் கட்டிவிடுவாள் என்று உங்கள் கணவர் நம்பலாம். அவள் துறையின் வருமானத்தை அவளே அறிவாள். நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கின்றன. தேர்வு எழுதாமல் திட்டப் பணிகளில் சேர்பவர்களுக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. முழுச் சம்பளத்தையும் கொடுத்தாலும் 54,500 தவணைக்குப் போதாது. படித்து முடித்து இங்கிலாந்திலேயே வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். படிப்புக்குப் பிறகு அங்கே தங்குவதற்கான இரண்டாண்டு அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. குரங்கினப் பாதுகாப்பில் வேலைகள் பெரும்பாலும் குரங்குகள் வாழும் நாடுகளில்தான் இருக்கின்றன. இங்கிலாந்தில் இருப்பவை மிகச் சில.

இதைப் படித்துவிட்டு மகளை வேறு துறைக்கு மாற்றிவிடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எந்தக் குரங்கு எந்த மரத்தில் எதைத் தின்கிறது என்று அட்டைக்கடியோடு குறிப்பெடுக்கும் வேலையை அவள் இப்போதே செய்துகொண்டிருக்கிறாள். அந்தக் களப் பயிற்சிதான் இத்துறையின் நேர்முகத் தேர்வுகளில் பேசும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத ஒரு குரங்கினம், உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பை, குரங்கினத்தோடு சேர்த்து எண்ணப்படும் தேவாங்குக்கான சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. இவற்றைக் காக்கப் படித்தவர்கள் தேவை. ஆகவே சொந்தக்காரர்களின் கேள்விக்கு நீங்கள் கூசத் தேவையில்லை.

நான் மறுப்பது, இத்துறையின் முதுகலைப் பட்டத்துக்குப் பெருங்கடன் வாங்குவதைத்தான். இங்கே முதுகலையைக் குறைந்த செலவில் முடித்துவிட்டு, ஆய்வுப் பட்டத்துக்கு உதவித்தொகையோடு வெளிநாடு போவதே வழக்கமான பாதை. உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியிலும், மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியலில் முதுகலை படிக்கலாம். டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனமும், பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையமும் நடத்தும் முதுகலைப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு கடுமையானது. பெங்களூருவில் எல்லா ஆண்டும் சேர்க்கை நடப்பதில்லை என்பதால் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளிநாடுதான் வேண்டும் என்றால் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜெர்மன் குரங்கின ஆய்வு மையம் அங்கேதான் இருக்கிறது. அந்நகரின் அரசுப் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனாலும் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில், அதாவது மாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கவிடும் வங்கிக் கணக்கில் காட்டியாக வேண்டும். அது 12 லட்சத்துக்கு மேல் வரும். இங்கிலாந்துக்குக் காமன்வெல்த், செவனிங் உதவித்தொகைகள் இருக்கின்றன. செவனிங்குக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும் என்பதால், வால்பாறை வேலையின் பணிச் சான்றிதழை மகள் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இனி உங்கள் கையில் இருக்கும் பணம். 4 லட்சம் வைப்பு நிதி 7 சதவீதத்தில் ஆண்டுக்கு 28,000 ரூபாய் தருகிறது. அதே 4 லட்சத்துக்குக் கடனில் 56,000 வட்டி கட்டுகிறீர்கள். மகளுக்கென்று வைத்த பணத்தை எடுத்துக் கொழுந்தனார் கடனை அடைப்பதா என்று மனம் கசக்கும். ஆயினும் இதைச் செய்யத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தக் கடன் இருக்கும்வரை மகளுக்கென்று எதையும் உங்களால் சேர்க்க முடியாது. வைப்பு நிதியை முடித்துக் கடனில் கட்டினால் பாக்கி 7 லட்சம். முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி ஏதேனும் கட்டணம் கேட்கலாம். அதைச் சேர்த்துப் பார்த்தாலும் உங்களுக்கு லாபம்தான். தொடர் வைப்பை நிறுத்தி அந்த 10,000ஐயும் கடனுக்குத் திருப்பினால் மாதம் 35,600 போகும். இரண்டாண்டுக்குள் கடன் தீர்ந்துவிடும். ஊட்டியிலோ மன்னம்பந்தலிலோ விடுதி, உணவு, களப்பயணம் எல்லாவற்றுக்கும் இரண்டாண்டுக்கு மூன்று லட்சம், அதாவது மாதம் 12,500 என்று வையுங்கள். அது போக வீட்டுச் செலவுக்கு 44,000 ரூபாய் நிற்கும். சற்று இறுக்கம்தான், வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும்.

கொழுந்தனாரிடம் பேச வேண்டியவர் உங்கள் கணவர்; நீங்கள் பேசினால் அண்ணி தடுத்துவிட்டாள் என்ற பேச்சுதான் மிஞ்சும். இனி எங்கள் பெயரில் கடன் வாங்கித் தர முடியாது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லட்டும். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வரும். பண்ணைக்கு முதலீடு தேவை என்றால், அதன் வரவு செலவைக் காட்டி அவரே தம் பெயரில் வங்கியில் கேட்கலாம். வங்கி மறுக்கும் கணக்காக இருந்தால், நீங்கள் கொடுத்திருந்தாலும் அந்தப் பணம் திரும்பியிருக்காது. இதுவரை போன தொகைக்கு மாதம் 5,000 ரூபாயாவது தரும்படி எழுத்தில் கேளுங்கள். வந்தால் அதையும் கடனிலேயே கட்டுங்கள். வராது என்று வைத்துத்தான் மேலே கணக்குப் போட்டிருக்கிறேன்.

ஈடில்லாமல் கிடைக்கும் வெளிநாட்டுக் கல்விக் கடன் என்று இப்போது பரவலாக விற்கப்படுவதை ஏஜென்ட் உங்களுக்கும் காட்டுவார். ஈடு கேட்காத கடனில் வட்டி கூடுதல். சில கடன்களில் தவணை டாலரில் இருக்கும். அப்படியானால் ரூபாய் சரியும்போது நீங்கள் கட்டும் தொகை ஏறும். கடனோடு ஒற்றைப் பிரீமியக் காப்பீட்டையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள். காடுகளில் குரங்குகளோடு தன்னார்வப் பணி என்று கூறி லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் வெளிநாட்டுத் திட்டங்களையும் ஒதுக்குங்கள். அதே வேலைக்கு உங்கள் மகள் இப்போது சம்பளம் வாங்குகிறாள்.

பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டும் கெடு நெருங்கியிருந்தால், சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று மகள் இந்த வாரமே நேரடியாக மின்னஞ்சலில் கேட்கட்டும். ஏஜென்ட் வழியாக வேண்டாம். விசா மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்பக் கிடைப்பது வழக்கம். நாமே மனம் மாறினால் பெரும்பாலும் கிடைக்காது. அந்த விதியை முழுவதும் படிக்காமல் ஒரு பவுண்டுகூட அனுப்பாதீர்கள்.