சி.பி.எஸ்.எஸ். தேர்வும் பயிற்சி வகுப்புக் கட்டணமும்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் மகள் விமானப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஏஎஃப்கேட் எழுத்துத் தேர்வில் தேறி, மைசூருவிலுள்ள விமானப்படைத் தேர்வு வாரியத்திலிருந்து அழைப்புப் பெற்றிருப்பது அறிந்து மகிழ்ந்தேன். விமானிக்கான திறனறித் தேர்வான சி.பி.எஸ்.எஸ்.ஸுக்கென்று தனியாக ஒரு பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா, அதற்கு அவர்கள் கேட்கும் பெருந்தொகையைக் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. வகுப்பில் கிடைக்கக்கூடிய நன்மையில் பெரும்பகுதியை வீட்டிலேயே பெற முடியும். மிச்சமிருப்பதை எந்த வகுப்பாலும் தர முடியாது.

சி.பி.எஸ்.எஸ். என்பது பி.ஏ.பி.டி. என்னும் பழைய விமானித் திறன் தேர்வுக்குப் பதிலாக, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகங்கள் உருவாக்கிக் கொடுத்த கணினிவழித் தேர்வு முறை. கண் கண்டதை மூளை எவ்வளவு விரைவாக உள்வாங்குகிறது, கையும் காலும் அதற்கு ஒத்து இயங்குகின்றனவா, இரண்டு மூன்று வேலைகள் ஒருசேர வந்து நெருக்கும்போது எதையும் நழுவவிடாமல் இருக்க முடிகிறதா என்பவற்றையே அது அளக்கிறது. பறக்கும் பிரிவுக்கு விண்ணப்பித்து, வாரியத்தின் உளவியல் தேர்வு, குழுச் செயல்பாடு, நேர்காணல் ஆகியவற்றைக் கடந்து பரிந்துரை பெற்றவர்கள் மட்டுமே இதை எழுதுவார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். தவறினால் விமானப்படையின் பறக்கும் பிரிவுக்குப் பின்னொரு நாளில் விண்ணப்பிக்க வழியில்லை. இந்த ஒரு விதியைச் சொல்லிப் பெற்றோரை அச்சுறுத்தித்தான் பல வகுப்புகள் ஆள் சேர்க்கின்றன.

வகுப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். பறக்கும் பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. என்பது பலருக்கும் தெரியும். கால் நீளம் 99 முதல் 120 செ.மீ. வரையும், தொடை நீளம் அதிகபட்சம் 64 செ.மீ. ஆகவும், அமர்ந்த நிலையில் உயரம் 81.5 முதல் 96 செ.மீ. வரையும் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலோருக்கு மருத்துவப் பரிசோதனையின்போதுதான் தெரியவருகிறது. சுவரை ஒட்டி அமர்ந்து, முழங்காலை மடக்காமல் நீட்டி, சுவரிலிருந்து குதிகால் வரை அளந்தால் கால் நீளம் கிடைத்துவிடும். அடுத்து, கண் மருத்துவரிடம் பார்வைக் கூர்மையையும் நிறப் பார்வையையும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பார்வையைத் திருத்தும் லேசிக் அறுவை செய்துகொண்டவராயின், அது 20 வயதுக்குப் பின் செய்யப்பட்டதா, 12 மாதங்கள் கடந்துவிட்டனவா என்பதும் பார்க்கப்படும். உடல் தகுதியில் தடை இருக்குமானால் திறனறித் தேர்வில் எவ்வளவு நன்றாகச் செய்தும் பயனில்லை.

இனித் தேர்வுக்கு வருவோம். அதன் ஒரு பகுதி, விமானி அறையிலுள்ள ஆறு அடிப்படைக் கருவிகளைப் படித்து விடை சொல்வது. அவற்றின் இயல்பை முன்கூட்டியே அறிந்து வருபவர், அங்கே தரப்படும் விளக்கத்தை முதல்முறையாகக் கேட்பவரைவிடப் பதற்றமின்றி இருப்பார். உயரமானியில் நீண்ட முள் நூறுகளையும் குட்டை முள் ஆயிரங்களையும் காட்டும். குட்டை முள் 3-க்கும் 4-க்கும் நடுவிலும் நீண்ட முள் 5-இலும் நின்றால் உயரம் 3,500 அடி. திசைமானியில் எண்களின் கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டு அச்சிட்டிருப்பார்கள் என்பதால், 27 என்று கண்டால் 270 பாகை, அதாவது மேற்கு என்று கொள்ள வேண்டும். ஏறும் வேகமானியின் முள் இடப்பக்கம் கிடைமட்டமாக நின்றால் விமானம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது செயற்கை அடிவானம் என்னும் கருவியில். அதில் அசையாமல் இருப்பது நடுவிலுள்ள சிறு விமான உரு. சாய்வது பின்னாலுள்ள அடிவானக் கோடு. விமானம் இடப்பக்கம் சாய்ந்தால் கோட்டின் இடமுனை மேலேறி வலமுனை கீழிறங்கும். அவசரத்தில் பார்ப்பவர் கோடு சரிந்த பக்கத்தையே விமானம் சாய்ந்த பக்கம் என்று எழுதிவிடுவார். ‘எந்தப் பக்கத்து இறக்கை கோட்டுக்குக் கீழே இருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது’ என்று பார்க்கப் பழகினால் இந்தக் குழப்பம் வராது.

இதற்கெல்லாம் ஃப்ளைட்கியர் என்னும் இலவச விமானப் பாவனை மென்பொருளே போதும். அதில் செஸ்னா 172 விமானத்தைத் திறந்தால் இந்த ஆறு கருவிகளும் கண்முன்னே இருக்கும். பறந்துகொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்திவிட்டு, வேகம், உயரம், திசை, சாய்வு, ஏற்ற இறக்கம் ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லி, விமானம் அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் கூறச் சொல்லுங்கள். மதிப்பெண் குறிக்க யாரும் தேவையில்லை. மீண்டும் ஓடவிட்டால் விடை தானாகத் தெரிந்துவிடும்.

மற்றொரு பகுதி கை, கால், கண் மூன்றின் ஒத்திசைவைச் சோதிப்பது. இத்தகைய சோதனைகளில், திரையில் நிலைகொள்ளாமல் நகரும் குறியைக் கைப்பிடியாலும் மிதிகளாலும் நடுவில் நிறுத்த வேண்டும். அதே நேரத்தில் விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்துவது போன்ற வேலைகளும் குறுக்கிடும். கைப்பிடியை முன்னால் தள்ளினால் விமானத்தின் மூக்கு தாழும், பின்னால் இழுத்தால் உயரும். சைக்கிளில் வலக் கைப்பிடியை முன்னே தள்ளினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். விமானத்திலோ வலக்காலை அழுத்தினால் மூக்கு வலப்பக்கமே திரும்பும். சைக்கிள் ஓட்டிப் பழகிய உடம்பு முதல் சில நிமிடங்களுக்கு இதை ஏற்க மறுக்கும் என்பதால், ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக் வாங்கிக் கொடுத்துச் சில வாரங்கள் பழகச் செய்வது நல்லது. மிதிகள் இல்லாவிடினும் பாதகமில்லை, ஜாய்ஸ்டிக்கைத் திருகும் வசதி இருந்தாலே மூக்கு திரும்பும் விதம் பிடிபட்டுவிடும்.

இங்கே பெரும்பாலோர் செய்யும் பிழை தேவைக்கு மேல் திருத்துவது. குறி சற்று விலகியதும் கைப்பிடியை ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள், அது மறுபக்கம் ஓடுகிறது, அதைத் துரத்துகிறார்கள். சிறிதாகத் திருத்தி, விளைவைக் கண்ணால் பார்த்துவிட்டு, அடுத்ததைச் செய்யப் பழக வேண்டும். பக்க வேலையில் ஒன்று தவறிவிட்டால் அதை எண்ணி வருந்திக்கொண்டிருக்கவும் கூடாது. அந்த ஒரு நொடிக்குள் குறி ஓரத்துக்குப் போயிருக்கும். தேர்வுக்கு முந்தைய இரவு விழித்துப் பயிற்சி செய்வது நன்மையைவிடத் தீமையே செய்யும், ஏனெனில் உறக்கம் குறைந்தால் கவனமும் ஒத்திசைவும் மந்தமாகிவிடும்.

மனக்கணக்கை மட்டும் நாள்தோறும் செய்யச் சொல்லுங்கள். 150 நாட் (மணிக்கு 150 கடல் மைல்) வேகத்தில் 45 கடல் மைல் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றால், நிமிடத்துக்கு 2.5 மைல், ஆகவே 18 நிமிடம் என்று தாளின்றி வர வேண்டும்.

ஒருவேளை தேறாமற்போனால் என்ன என்ற தங்கள் கவலை நியாயமானதே. விண்ணப்பத்தில் தரைப்பணிப் பிரிவுகளையும் விருப்பமாகக் குறித்திருந்தால் அவற்றுக்கு இந்தத் தோல்வி தடையாகாது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. வழங்கும் வணிக விமானி உரிமம் பெறவும் தடையில்லை. ஆனால் அந்த வழியில் 200 மணி நேரப் பறப்புக்கும் பயிற்சிக்கும் அரைக்கோடி ரூபாய்க்கு மேல் குடும்பம் செலவிட வேண்டிவரும். விமானப்படையிலோ அரசே பயிற்றுவித்து, இறுதி ஓராண்டுப் பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் தருகிறது. இந்த வேறுபாட்டைத் தங்கள் மகளிடம் ஒருமுறை தெளிவாகப் பேசிவிட்டு, பின்னர் அதைப் பற்றி வீட்டில் பேசாதிருப்பது நல்லது.

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகன் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்வதற்கான என்.டி.ஏ. தேர்வுக்கு விண்ணப்பிக்க இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வாழ்நாளில் ஒருமுறை என்ற விதி பதினேழு வயதில் எழுதுபவருக்கும் பொருந்தும். அங்கே தவறினால், பட்டம் பெற்ற பின் ஏஎஃப்கேட் வழியாகப் பறக்கும் பிரிவுக்கு வருவதும் அடைபட்டுவிடும். ஆகவே, படிவத்தை நிரப்ப வேண்டுமே என்பதற்காக விமானப்படையைக் குறிக்காமல், பறப்பதில் உண்மையாகவே நாட்டம் உண்டா என்று அவரைக் கேட்டுவிட்டு, உண்டு என்றால் அக்காவோடு சேர்ந்து இப்போதே அந்த ஆறு கருவிகளையும் படிக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்