ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 34 வயது. நாளைக்கு எட்டு, பத்து சிகரெட் பிடிப்பேன். நான்கு வயதில் ஒரு மகன், ஏழு மாதத்தில் ஒரு மகள். குழந்தைகள் இருக்கும் அறையில் பிடிப்பதே இல்லை. கூடத்தில் ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் பிடிப்பேன். காரில் என்றால் கண்ணாடியை இறக்கிக்கொள்வேன். மகனுக்கு அடிக்கடி சளி பிடித்து இளைப்பில் போய் முடிகிறது. எல்லாம் உங்களால்தான் என்கிறார் மனைவி. என் அப்பா எங்களை மடியில் வைத்துக்கொண்டே புகைத்தவர். எனக்கும் தங்கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு தூரம் தள்ளி நின்று பிடித்தால் குழந்தைகளுக்குப் பாதிப்பு இருக்காது?

பதில்: கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வீட்டுக்குள் அப்படி ஒரு தூரம் கிடையாது. பத்தடி, இருபதடி, அடுத்த அறை, கதவைச் சாத்திய குளியலறை, எதுவும் கணக்கில் சேராது. அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிப்பதில் ஆபத்தில்லாத அளவு என்று எதுவும் இல்லை என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை 2006இல் முடிவாகச் சொல்லிவிட்டது. தனி அறை ஒதுக்குவதாலோ, காற்றுச் சுத்திகரிப்பான் வைப்பதாலோ, ஜன்னலைத் திறப்பதாலோ கட்டடத்துக்குள் இருப்பவர்களை முழுக்கக் காப்பாற்ற முடியாது என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது.

குழந்தைகளின் அறையில் பிடிக்கக் கூடாது, ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறீர்கள். அக்கறையில் குறையே இல்லை. கணக்குத்தான் தப்பு.

எங்கே தப்பு என்று சொல்கிறேன். ஒரு சிகரெட் எரிந்து முடிய ஐந்தாறு நிமிடம் ஆகும். அதில் பத்துத் தடவை இழுக்கிறீர்கள் என்றாலும், இழுக்கும் நேரத்தைக் கூட்டினால் அரை நிமிடம் வந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் அது உங்கள் விரலிடுக்கில் தானாகப் புகைந்துகொண்டிருக்கிறது. அறையில் சேரும் புகையில் சுமார் 85 சதவீதம் அந்த நுனியிலிருந்து நேராகக் கிளம்புவது. நீங்கள் ஊதி வெளியே விடுவது சொற்பம். முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் ஊதிவிடுகிறோமே என்ற நிம்மதி அந்தச் சொற்பத்துக்குத்தான் பொருந்தும். இழுக்காதபோது நெருப்பின் சூடு குறைவு. அரைகுறையாக எரிவதால் சில நச்சுகள் அந்தப் புகையில் இன்னும் அதிகம். போதாக்குறைக்கு அது ஃபில்டர் வழியாக வருவதில்லை. காசு கொடுத்து வாங்கிய ஃபில்டர் உங்களுக்கு. குழந்தைக்கு அதுவும் இல்லை.

ஃபேன் புகையை விரட்டுவதில்லை, வீடு முழுக்கப் பரிமாறுகிறது. ஜன்னலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ, புகையும் அந்தப் பக்கம்தான் போகும். பாதி நேரம் அது உள்பக்கமாகவே இருக்கும். கண்ணுக்குப் புகை மறைந்ததும் அறை தெளிந்துவிட்டதாக நினைக்கிறோம். நுண்துகள்கள் மணிக்கணக்கில் மிதக்கும். பிறகு திரைச்சீலையிலும் மெத்தையிலும் படியும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அப்பா இரண்டு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ராத்திரி முழுக்க இளைப்பு. முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைக்கக் குனிந்தேன். குழந்தையின் தலைமுடியில் சிகரெட் வாடை. வீட்டில் யாராவது பிடிப்பார்களா என்று கேட்டேன். "நான்தான் டாக்டர். ஆனா சத்தியமா அவ முன்னாடி பிடிச்சதே இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவள் தூங்கிய பிறகு கூடத்தில் உட்கார்ந்து பிடிப்பார். அதே சட்டையோடு வந்து பக்கத்தில் படுப்பார். அவள் அவர் கையில் தலை வைத்துத் தூங்குவாள். அவருக்குப் பழகிப்போன வாடை, அவர் மூக்குக்கே தெரியவில்லை. சிகரெட் பிடிப்பவருக்கு முதலில் மழுங்குவது மோப்பம். நானும் படிக்கிற காலத்தில் பிடித்தவன் என்பதால் இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்படிப் படிந்த எச்சத்தைத்தான் இன்று மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியாகோவில் கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. பெற்றோர் வெளியே போய் மட்டும் புகைத்த வீடுகளில்கூட, புகைக்காதவர்கள் வீட்டைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு மாசு இருந்தது. உள்ளேயே புகைத்த வீடுகளில் அதற்கும் மேல் மூன்று முதல் எட்டு மடங்கு. உங்கள் ஏழு மாத மகள் தவழ ஆரம்பிக்கும் வயதில் இருக்கிறாள். தரையைத் தொட்ட கை அடுத்த நொடி வாய்க்குள் போகும். உங்களுக்குத் தரை நடக்கிற இடம், அவளுக்குத் தட்டு மாதிரி.

குழந்தைகளுக்கு ஏன் கூடுதல் பாதிப்பு என்பதற்கு ஒரு கணக்கு போதும். நீங்கள் நிமிடத்துக்குப் பதினைந்து முறை மூச்சு விட்டால் உங்கள் மகள் முப்பது, நாற்பது முறை விடுகிறாள். உடல் எடைக்குக் கிலோ கணக்குப் பார்த்தால் அவள் உள்ளே இழுக்கும் காற்று உங்களைவிட இரண்டு மடங்காவது இருக்கும். நுரையீரலின் காற்றுப் பைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகு உருவாகுபவை. நீங்கள் கட்டி முடித்த வீட்டில் புகை விடுகிறீர்கள். அவளுக்குச் சுவரே இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. பெரியவருக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எழுந்து வெளியே போய்விடலாம். அவளால் அதுவும் முடியாது.

நிகோடின் உடலுக்குள் கோட்டினைன் என்ற பொருளாக மாறும். புகைக்கிற வீட்டுக் குழந்தையின் சிறுநீரிலும் எச்சிலிலும் அதை அளந்து பார்க்கலாம். சிகரெட்டைக் கையால் தொடாத குழந்தையின் சிறுநீரில் சிகரெட்டின் கணக்கு வந்து நிற்கும்.

இப்போது உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். "எல்லாம் உங்களால்தான்" என்பதை நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். சளியைக் கொண்டுவருவது வைரஸ். நான்கு வயதுப் பையனுக்கு வருடத்துக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சிகரெட் வாடையே இல்லாத வீட்டிலும் சாதாரணம். ஆனால் அந்தச் சளி மூக்கோடு நிற்கிறதா, நெஞ்சில் இறங்கி இளைப்பாகிறதா என்பதில் உங்கள் சிகரெட்டுக்குப் பங்கு உண்டு. மூச்சுக்குழாயின் உள்பக்கத்தில் மயிரிழை போன்ற நுண்ணிழைகள் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புகை பட்டால் அவை சோர்ந்துவிடும். குழாய்ச் சுவர் வீங்கும். பெரியவருக்குச் செருமலோடு போவது, அவனுடைய குறுகலான குழாயில் விசில் சத்தமாகிவிடும். ஆஸ்துமா உள்ள குழந்தை என்றால் இளைப்பு அடிக்கடியும் வரும், கடுமையாகவும் வரும்.

புகையை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நாட்டையே சாட்சியாகக் காட்டலாம். ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் 26 முதல் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. அதற்கு முன் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேருவது ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் கூடிக்கொண்டே போனது. தடைக்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 18 சதவீதம் குறைய ஆரம்பித்தது. வெளியே தடுத்தால் எல்லோரும் வீட்டுக்குள் வந்து பிடிப்பார்கள், குழந்தைகள்தான் அவதிப்படுவார்கள் என்று அப்போது ஒரு பயம் இருந்தது. நடந்தது நேர்மாறு.

மகனைப் பற்றி நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். இரண்டு, மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்புகிறானா? டிவியின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறானா? புகை படும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது அதிகம். வலிக்காது, கேட்பது மந்தமாகும். சொன்ன பேச்சு கேட்க மாட்டேன் என்கிறான் என்று திட்டிக்கொண்டிருப்போம், அவனுக்கு நிஜமாகவே கேட்டிருக்காது. ஒருமுறை காதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மகள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் அபாயம் புகைக்கிற வீட்டில் அதிகம். புகைப்பவர் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுத்தால் இன்னும் அதிகம். எழுந்து வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும்தான். ஆகவே மகள் உங்கள் படுக்கையில் தூங்க வேண்டாம். அதே அறையில், தனிப் படுக்கையில், மல்லாக்கப் படுக்க வையுங்கள். இன்று ராத்திரியிலிருந்தே.

அப்பா மடியில் வைத்துப் புகைத்தார், ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். இந்த வாதத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். நீங்கள் நன்றாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் முதல் சிகரெட்டை எந்த வயதில் பற்ற வைத்தீர்கள், அது யாருடைய பாக்கெட்டிலிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அப்பாவும் அம்மாவும் புகைக்கிற வீட்டில் வளரும் பிள்ளைகள் பிற்காலத்தில் புகைக்க ஆரம்பிப்பது, புகைக்காத வீட்டுப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஒருவர் மட்டும் புகைத்தாலும் கூடத்தான் செய்கிறது. 34 வயதில் நாளைக்குப் பத்து சிகரெட் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் ஆகவில்லை என்று எப்படிச் சொல்வது?

உங்கள் அம்மாவைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. கணவர் புகைத்தால் புகைக்காத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுகிறது என்று ஜப்பானில் தகேஷி ஹிராயமா 1981இல் எழுதினார். தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட, புகைக்காத மனைவிமார்களைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு. அடுத்தவர் புகை என்ற பேச்சே உலகத்தில் சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான். அப்பா உங்களை மடியில் வைத்திருந்த காலத்தில் இதெல்லாம் அவருக்குத் தெரிய வழி இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

காரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூடத்தைவிடக் கார் சின்னப் பெட்டி. ஒரே சிகரெட்டில் நிறைந்துவிடும். இங்கிலாந்தில் 2015 அக்டோபர் 1 முதல், 18 வயதுக்குட்பட்டவர் இருக்கும் காரில் புகைப்பது குற்றம். ஜன்னல் திறந்திருந்தாலும் குற்றம்தான். கண்ணாடியை இறக்கிவிட்டேன் என்ற சாக்கைச் சட்டம் எழுதியவர்களும் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. குழந்தைகள் இல்லாத நேரத்திலும் காரில் வேண்டாம்; சீட்டில் படிவது அங்கேயே இருக்கும்.

சரி, என்ன செய்வது? இன்றே முடிகிற ஒன்று: வீட்டுக்குள்ளும் காரிலும் ஒன்றுகூடக் கிடையாது என்று முடிவு செய்வது. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் இதே சட்டம். பிடிக்கத்தான் வேண்டுமென்றால் வெளியே போங்கள். கதவைச் சாத்துங்கள், ஜன்னலுக்குக் கீழே நிற்காதீர்கள். கடைசி இழுப்புக்குப் பிறகும் சில மூச்சுகளுக்குப் புகைத்துகள் வெளியே வரும், அதனால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள். கையையும் முகத்தையும் கழுவி, சட்டையை மாற்றிவிட்டு அப்புறம் மகளைத் தூக்குங்கள். இதனால் பாதிப்பு நன்றாகவே குறையும், முழுக்கப் போகாது. சான் டியாகோ கணக்கை மேலேயே பார்த்தோம்.

முழுக்கப் போக வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும். காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறீர்களா? அப்படியென்றால் உடம்பு நிகோடினுக்கு நன்றாகப் பழகிவிட்டது. மன உறுதியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும், வேட்கை வரும்போது மெல்லும் நிகோடின் கம்மும் சேர்ந்தால் தனித்தனியாகப் பயன்படுத்துவதைவிட நன்றாக வேலை செய்யும். வரெனிக்லின், புப்ரோபியான் போன்ற மாத்திரைகளும் உண்டு. உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் அடங்கிவிடும். அந்த நாட்களில் நீங்கள் சிடுசிடுப்பீர்கள் என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான் மூன்று முறை விட்டு, நான்காவது முறைதான் உண்மையாக விட்டேன். கம், பட்டை, சிகரெட் துண்டு எதுவும் தவழும் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. விழுங்கினால் அதுவே விஷம்.

இ-சிகரெட்டுக்கு மாறிவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அதிலிருந்து வருவது வெறும் நீராவி கிடையாது. நிகோடினும் நுண்துகள்களும் அதில் உண்டு. குழந்தை இருக்கும் அறையில் அதுவும் வேண்டாம்.

மகனை அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். நான் புகைக்கிறேன், இன்ன இடத்தில், இத்தனை என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், இளைப்பு ஏன் அடங்கவில்லை என்று புரியாமல் அவர் இன்ஹேலரின் அளவைத்தான் கூட்டிக்கொண்டு போவார்.