குப்பியில் 40, சிரிஞ்சில் 100: சர்க்கரை நோய் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வயதான அம்மா, அப்பாவைப் பற்றியவை. வயது, மாத்திரையின் பெயர், எப்போது எடுத்த அளவு என்று எதுவுமே எழுதாமல் வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன். ஒன்றை மட்டும் மாதிரிக்காகக் கீழே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. டைப் 1 என்று சொல்லி இன்சுலின் ஆரம்பித்துவிட்டார்கள். இவன் எத்தனை வயது வரை இருப்பான்? (ஒரு தாய், தென்காசி)

பேரன் பேத்தி எடுக்கும் வயது வரை இருக்கலாம். வெறும் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. 1922க்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில், 15 வயதை நெருங்கிய நிலையில் வெறும் 20 கிலோ எடையோடு டொராண்டோவுக்கு வந்து, இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாக்டர் பேன்டிங்கிடம் இன்சுலின் போட்டுக்கொள்ளத் தொடங்கினார் எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி. அவர் கல்லூரியில் படித்தார், திருமணம் செய்தார், பிள்ளைகள் பெற்றார், 73 வயது வரை வாழ்ந்து 1981இல் காலமானார். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் வீட்டில் சுகர் பார்க்கும் மீட்டரே கிடையாது. பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் மையம் இன்சுலினோடு 50 ஆண்டு, 75 ஆண்டு கடந்தவர்களுக்குப் பதக்கம் தருகிறது. அதை வாங்க ஆட்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

உங்கள் கையில் இருப்பது மூன்று மாதச் சுகர் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி. அதை 9 அளவில் விட்டவர்களையும் 7 அளவில் வைத்தவர்களையும் ஒப்பிட்ட பெரிய அமெரிக்க ஆய்வு 1993இல் வெளியானது. 7 அளவில் இருந்தவர்களுக்குப் புதிதாகக் கண் பாதிப்பு வருவது முக்கால் பங்கு குறைந்திருந்தது. தினமும் நான்கு வேளையாவது விரலில் குத்திப் பாருங்கள். சுகர் தாழ்ந்தால் கொடுக்க, வகுப்பு ஆசிரியரிடம் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று கொடுத்து வையுங்கள். காய்ச்சல், வாந்தி என்று சாப்பிடாத நாளில்கூட நீண்ட நேர இன்சுலினை நிறுத்தக் கூடாது. அளவு மாறலாம், அதை டாக்டர் சொல்வார். 'இந்தப் பொடியைச் சாப்பிட்டால் ஊசி வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டு எவர் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். டைப் 1 பிள்ளைக்கு ஊசி நின்றால் ஓரிரு நாளில் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

கேள்வி: சுகர் 240 இருக்கிறது. என்ன மாத்திரை போடலாம்? (பெயர், ஊர் இல்லை)

யாருக்கு 240? வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா? இப்போது என்ன மருந்து ஓடுகிறது? ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் மருந்து சொல்ல முடியாது. சொல்பவரிடம் போகாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது. கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், காலையும் இரவும். ஹெச்பிஏ1சி 6.1. இந்த வயதிலும் இவ்வளவு கட்டுப்பாடு! மருந்தை இப்படியே தொடரலாம்தானே? (வாசகர், கும்பகோணம்)

கூடாது. இந்த வாரமே டாக்டரைப் பார்த்து மருந்தைக் குறைக்கச் சொல்லுங்கள். 35 வயதுக்காரருக்கு 6.1 நல்ல எண். 82 வயதில், அதுவும் கிளிமிபிரைடு போடும்போது, ராத்திரியில் சுகர் தாழ்ந்துபோகிறது என்பதற்கே இது அறிகுறியாக இருக்கலாம். தள்ளாத வயதில் 8ஐ ஒட்டி இருந்தாலே போதும். விடியற்காலையில் தலையணை நனைகிற அளவு வியர்வை, சம்பந்தமில்லாத பேச்சு, பாத்ரூம் போகும்போது தடுமாற்றம் இருந்தால் 'வயசாயிடுச்சு' என்று விடாமல் அந்த நேரத்தில் மீட்டரில் பாருங்கள். இடுப்பு எலும்பு முறிவு பல வீடுகளில் இப்படித்தான் வருகிறது.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த வகை மாத்திரை உடம்பில் ஒரு நாளுக்கு மேலும் தங்கும். சர்க்கரை கொடுத்ததும் தெளிந்துவிட்டார் என்று தூங்கவிடக் கூடாது. மறுபடி இறங்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. 30/70 (இரண்டு வகை கலந்த) இன்சுலின், குப்பியிலிருந்து காலை 24, இரவு 16 யூனிட். வருடக்கணக்கில் இதே அளவு. மூன்று வாரமாக வெறும் வயிற்றில் 280க்குக் கீழே இறங்கவில்லை. கம்பெனி மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. யூனிட்டைக் கூட்டலாமா? அமெரிக்காவிலிருந்து தம்பி மெல்லிய சிரிஞ்சு இரண்டு பெட்டி கொண்டுவந்தான், இப்போது வலியே இல்லை என்கிறார். (வாசகி, மதுரை)

உங்கள் கேள்விக்கான விடையை உங்கள் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தச் சிரிஞ்சுகளை இன்றே ஒதுக்குங்கள்.

நம் ஊர்க் கடையில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட். அமெரிக்காவில் சாதாரணமாகக் கிடைக்கும் சிரிஞ்சு 100 யூனிட் மருந்துக்கான கோடு போட்டது. அதில் 24 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.24 மில்லி. 40 யூனிட் குப்பியிலிருந்து எடுத்த 0.24 மில்லியில் இருப்பது பத்து யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. இரவு 16 என்று நினைத்துப் போடுவது ஆறரைக்கும் சற்றுக் குறைவு. மூன்று வாரமாக உங்கள் அப்பா பாதி மருந்துகூட இல்லாமல் இருக்கிறார். இதில் கம்பெனிமேல் தவறு ஏதும் இல்லை.

இப்போது அளவைக் கூட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரவு ஊசியை 40 கோடு வரை ஏற்றி 16 யூனிட்டுக்குச் சமமாக்கிவிடுவீர்கள். சுகரும் இறங்கும். ஒருநாள் அந்தப் பெட்டி தீர்ந்து, நம் ஊர்க் கடைச் சிரிஞ்சில் அதே 40ஐ இழுப்பீர்கள். அப்போது உள்ளே போவது உண்மையான 40 யூனிட்.

எதிர்ப்பக்கத் தவறு இதைவிடக் கொடியது. இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் எல்லாம் மில்லிக்கு 100 யூனிட்டுக்குக் குறைவில்லை. பேனா மக்கர் செய்கிறது என்று கார்ட்ரிட்ஜுக்குள் 40 சிரிஞ்சைக் குத்தி 20 கோடு வரை இழுக்கிறார்கள். அது அரை மில்லி, 50 யூனிட். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டவர் காலையில் எழுந்திருப்பாரா என்பது அந்த வீட்டில் யாராவது நடு இரவில் விழித்துப் பார்ப்பதைப் பொறுத்தது. கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுக்கவே கூடாது. பேனா கெட்டால் புதுப் பேனா வாங்குங்கள்.

ஆண்டுக்கணக்கில் இதையே எழுதுகிறேன், இன்னும் மாறவில்லை. மருந்துச் சீட்டில் '24 யூனிட்' என்று மட்டும் எழுதுகிறார்கள், எந்தக் குப்பி, எந்தச் சிரிஞ்சு என்று எழுதுவதில்லை. கடையில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுக்கிறார்கள். 100 யூனிட் குப்பிகளும் கடைகளில் இருப்பதால் 'குப்பி என்றால் 40' என்று கண்ணை மூடிக்கொண்டும் நம்ப முடியாது. சீட்டு எழுதும் டாக்டர்களே, யூனிட்டுக்குப் பக்கத்தில் 40 அல்லது 100 என்று ஓர் எண் சேர்த்து எழுதுங்கள். மூன்று விநாடிதான் ஆகும்.

நீங்கள் செய்ய வேண்டியது: குப்பியின் லேபிளில் மில்லிக்கு எத்தனை யூனிட் என்று வாசியுங்கள். சிரிஞ்சின் உடம்பில் அச்சிட்ட எண்ணை வாசியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் இழுங்கள். 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி என்பது வழக்கம். ஆனால் மூடி மாறிப்போகும், அச்சு மாறாது. இரண்டரையால் பெருக்கிச் சமாளிக்கும் கணக்கை நிறைய பேர் கேட்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் தப்பும் கணக்கை நான் யாருக்கும் கற்றுத் தர மாட்டேன்.

அப்பாவுக்கு டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பழைய 24, 16க்கே 40 சிரிஞ்சில் திரும்புங்கள். முதல் ஒரு வாரம் அதிகாலை 3 மணிக்கும் சுகர் பாருங்கள். 30/70 கலங்கலான மருந்து, அடியில் படியும். இழுப்பதற்கு முன் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே இருபது முறை உருட்டுங்கள், பால்போல் ஒரே வெள்ளையாக வரும் வரை. குலுக்காதீர்கள், குமிழி வரும்.

கேள்வி: தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட்டுப் போட்டுக் கொழுக்கட்டைபோல் ஒரு மேடு. அங்கே குத்தினால் வலிக்காததால் அங்கேயே போடுகிறேன். சுகர் 90க்கும் 300க்கும் தாவுகிறது. தவறா? (வாசகர், ஈரோடு)

தவறு. அது கொழுப்பு தடித்த மேடு. அங்கே போகும் இன்சுலின் ஒருநாள் அப்படியே தேங்கும், ஒருநாள் மொத்தமாக இறங்கும். உங்கள் சுகர் 90க்கும் 300க்கும் தாவுவதற்குக் காரணம் சாப்பாடு அல்ல. மேட்டை விட்டு நல்ல தோலுக்கு மாறுங்கள், ஆனால் அதே அளவோடு மாறாதீர்கள். நல்ல இடத்தில் மருந்து முழுதாக ஏறும், சுகர் சரசரவென்று இறங்கும். எவ்வளவு குறைப்பது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு மாறுங்கள். வயிற்றை நாலு கட்டமாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் இடைவெளி, தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டு. ஊசி முனையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலும் மேடு வரும்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காபி குடிக்கிறேன். நல்லதுதானே? (வாசகர், தூத்துக்குடி)

சுகர் மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். கேழ்வரகுக் கூழுக்கும் இதே பதில். மாவாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அரிசிச் சோற்றுக்கு ஈடாக ஏறும்.

கேள்வி: 20 வருட சுகர். பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறேன். பாதத்தில் மதமதப்பு இருக்கிறது. வெறுங்காலோடு போகலாமா? (வாசகர், வேலூர்)

மதமதப்பு இருக்கும் காலோடு 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கக் கூடாது. கல் குத்தியது உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தரையில் ரத்தக்கறையைப் பார்த்த பிறகுதான் தெரியும். எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர் அடி) செருப்பு, பின்பட்டை வைத்தது, போட்டுக்கொண்டு நடங்கள். அதனால் பக்தி குறைந்துவிடாது. மனம் ஒப்பவில்லை என்றால் நடையை விட்டுவிட்டுக் கோயிலில் தரிசனம் செய்யுங்கள். அங்கேயும் பிராகாரக் கல் காய்வதற்கு முன்னால், தடித்த காட்டன் சாக்ஸோடு.

நடையைவிட நடந்து முடித்த பின் செய்வதில்தான் அதிகக் கெடுதல் இருக்கிறது. கால் வலிக்கு வெந்நீரில் உப்புப் போட்டு ஊற வைப்பார்கள். சூடு தெரியாத கால் வெந்துபோகும். வெந்நீரே வேண்டாம். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் கார்ன் பிளாஸ்டரை ஒட்டாதீர்கள், அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கும். இரவு படுக்கும் முன் கண்ணாடி வைத்து அடிப்பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். வலியே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது எலும்பு நொறுங்கத் தொடங்கும் நேரமாக இருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: மெட்ஃபார்மின் 12 வருடமாக. சுத்த சைவம். சுகர் நன்றாக இருந்தும் கால் எரிச்சல் போகவில்லை. (வாசகி, ஸ்ரீரங்கம்)

பி12 பாருங்கள். மெட்ஃபார்மின் அதைக் குறைக்கும், சைவச் சாப்பாட்டில் வரவே குறைவு, தினமும் கேஸ் மாத்திரை போட்டால் இன்னும் குறையும். சத்து ஊசி போட்டுக்கொள்வதற்கு முன்னால் ரத்தம் கொடுங்கள், பின்னால் கொடுத்தால் எண் ஏமாற்றும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: சுகர் இறங்கிக் கை நடுங்கும்போது மிட்டாய் சாப்பிடுகிறேன். அரை மணி ஆகியும் தெளிவதில்லை. கிளிமிபிரைடும் வோக்லிபோஸும் போடுகிறேன். (வாசகர், சேலம்)

மாத்திரைப் பெயரை எழுதியதற்கு நன்றி, அதில்தான் விடை. வோக்லிபோஸ் சர்க்கரை குடலில் உடைவதைத் தடுக்கும் மருந்து. மிட்டாயும் சீனியும் வயிற்றிலேயே கிடக்கும். உங்களுக்குத் தேவை குளுக்கோஸ் பவுடர், மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து. 15 நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. சாக்லேட் யாருக்குமே வேண்டாம், கொழுப்பு தாமதப்படுத்தும்.

கேள்வி: மீட்டரில் எப்போதும் 120, 140தான். ஹெச்பிஏ1சி மட்டும் 7.9. எது பொய்? மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். (வாசகி, 44 வயது, கோவை)

இரும்புச்சத்துக் குறைவில் ஹெச்பிஏ1சி கூடுதலாகக் காட்டும். ஹீமோகுளோபினும், இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். குறைவாக இருந்தால் சரிசெய்து மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். அதுவரை மாத்திரையைக் கூட்ட வேண்டாம். அதோடு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் மீட்டரில் பாருங்கள். நீங்கள் எழுதியது காலை எண்கள் மட்டும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: கிரியாட்டினின் 1.0, நார்மல். கிட்னிக்கு வேறு டெஸ்ட் எதற்கு? (வாசகர், திருச்சி)

சிறுநீரக வேலை கிட்டத்தட்டப் பாதி குறையும்வரை கிரியாட்டினின் நார்மலாகவே காட்டலாம். முதலில் கசிவது சிறுநீரில் ஆல்புமின். காலை முதல் சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம், வருடம் ஒருமுறை. 30க்குக் கீழே இருக்க வேண்டும். காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிடாய் நாட்களில் எடுக்காதீர்கள். ஒருமுறை கூடினால் பயப்படாமல் சில மாத இடைவெளிக்குள் இன்னும் இரண்டு முறை பாருங்கள், மூன்றில் இரண்டு கூடினால்தான் கணக்கு. பிரஷரை 130/80க்குள் வையுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜ் இல்லாத கிராமத்து வீட்டுக்கு ஒரு மாதம் போகிறேன். இன்சுலின்? (வாசகி, சென்னை)

ஒரு மண்சட்டிக்குள் இன்னொரு சிறு மண்சட்டி, நடுவில் ஈர மணல், உள்ளே குப்பியை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே ஈரத்துணி. மணல் காயவிடாதீர்கள். திறந்த குப்பி 30 டிகிரிக்குள் இருந்தால் நான்கு வாரம் தாங்கும். திறந்த தேதியை லேபிளில் எழுதுங்கள். போகும் வழியில் பஸ்ஸின் டிக்கியில் வைக்காதீர்கள், ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டியும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேள்வி: பார்வை தெளிவாக இருக்கிறது. கண் டாக்டரிடம் வருடாவருடம் போக வேண்டுமா? (வாசகர், நாகர்கோவில்)

ஆம். விழித்திரையில் கசிவு தொடங்கிப் பல ஆண்டு கழித்துத்தான் பார்வை மங்கும், மங்கிய பிறகு போனால் லேசர் காப்பாற்றுவது மிச்சத்தை மட்டும். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனையாக இருக்க வேண்டும், கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிக்கச் சொல்வது இதற்கு ஆகாது. அன்று நாலைந்து மணி நேரம் கண் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள்.