ட்யூப்லைட் வெளிச்சத்தில் முகப்படம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான்கு ட்யூப்லைட் எரியும் அறையில், மேனுவல் மோடில், 1/500 ஷட்டர் வேகத்தில் படம் எடுக்கிறேன். செட்டிங் எதையும் மாற்றுவதில்லை. ஆனாலும் ஒரு படம் சரியாக வருகிறது, அடுத்தது மஞ்சளடித்து மங்கிவிடுகிறது, அதற்கடுத்ததில் முகத்தின் குறுக்கே கரும்பட்டை. கேமரா பழுதா?

பதில்: சர்வீஸுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கேமரா உள்ளதை உள்ளபடிதான் பதிகிறது. இரும்புச் சோக்கும் ஸ்டார்ட்டரும் போட்ட ட்யூப்லைட் ஒரே சீராக எரிவதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 120 முறை. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். 100 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 10 மில்லி நொடி. நீங்கள் வைத்திருக்கும் 1/500 வெறும் 2 மில்லி நொடி. அது துடிப்பின் உச்சியில் விழுந்தால் படம் பளிச்சென்று வரும், பள்ளத்தில் விழுந்தால் மங்கும்.

மஞ்சள் வருவதற்கும் இதே காரணம்தான். இப்போதைய ட்யூப்களின் உட்பூச்சில் நீலம், பச்சை, சிவப்பு என மூன்று பாஸ்பர்கள், அதாவது ஒளிரும் பொடிகள், இருக்கின்றன. மின்னோட்டம் தணிந்ததும் நீலம் உடனே அணைந்துவிடும். மற்ற இரண்டும் இன்னும் கொஞ்ச நேரம், மில்லி நொடிக் கணக்கில், மினுங்கிக்கொண்டிருக்கும். நீலம் போன வெளிச்சம் மஞ்சள்தானே!

பட்டைக்குக் காரணம், வேகமான ஷட்டரில் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஒரு சிறு இடுக்கு மேலிருந்து கீழே ஓடுகிறது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் என்றால் இன்னும் மோசம். சென்சாரை முழுதாகப் படிக்க உங்கள் கேமரா 1/20 நொடி எடுக்கிறது என்று வையுங்கள். அதற்குள் 5 துடிப்பு, எனவே படத்தில் 5 பட்டை.

உடனடி வழி: 50 ஹெர்ட்ஸில் 1/100 அல்லது 1/50, 60 ஹெர்ட்ஸில் 1/125 அல்லது 1/60, மெக்கானிக்கல் ஷட்டர். ஒவ்வொரு படமும் ஏறக்குறைய முழுத் துடிப்பு ஒன்றையோ இரண்டையோ வாங்கிக்கொள்ளும். நிலையான வழி: சோக்கை மாற்றுவது. எலக்ட்ரானிக் சோக் ட்யூபை நொடிக்கு 20,000 முறைக்கு மேல் துடிக்கவைக்கிறது, பாஸ்பர் அணைய நேரமே கிடைக்காது. மலிவான சோக்குகளில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சிறிதாக இருந்து, பழைய 100 துடிப்பு ஓரளவு மிச்சமிருப்பதும் உண்டு. அதனால் சோதித்து வாங்குங்கள்: வெள்ளைச் சுவர், 1/1000, தொடர்ச்சியாகப் பத்துப் படம். பத்தும் ஒரே மாதிரி இருந்தால் கவலையில்லை.

கேள்வி: கிரே கார்டு (சாம்பல் நிற அட்டை) வைத்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்) எடுத்தும் முகம் வெளிறிப் பச்சையாகத் தெரிகிறது. உதட்டுச் சிவப்பு செத்துப்போகிறது. எந்த ட்யூப் வாங்க வேண்டும்?

பதில்: ட்யூபின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் நிறத்தரம், அதாவது சிஆர்ஐ: நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண். கடைசி இரண்டும் நிற வெப்பம், வெளிச்சம் மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்பதன் அளவு. 865 என்றால் சிஆர்ஐ 80-களில், 6500 கெல்வின். 765 என்றால் 70-களில். முகம் எடுக்க நீங்கள் தேட வேண்டியது 9-இல் தொடங்கும் எண்: 950, 965 போன்றவை. வாட்டேஜ் ஒன்றாக இருந்தாலும் இவற்றின் வெளிச்சம் 865-ஐ விடச் சற்றுக் குறைவு. அந்த இழப்பு ஏற்கத் தக்கது.

சிஆர்ஐ 80 என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறுவோர் அதிகம். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி மட்டுமே. அடர் சிவப்பு ஒன்பதாவது மாதிரி, ஆர்9 என்பார்கள். அது சராசரியில் சேராது. சாதாரண மூன்று பாஸ்பர் ட்யூபின் சிவப்பு 611 நானோமீட்டரை ஒட்டி ஒரு குறுகிய கீற்றாக இருக்கிறது. அதற்கு மேல் போனால் வெளிச்சம் வெகு குறைவு. தோலின் ரத்த ஓட்டமும் உதடும் உயிரோடு தெரிவது அந்தப் பகுதியில்தான். மறுபக்கம், பாதரசமே 546 நானோமீட்டரில் ஒரு பச்சைக் கோட்டை வீசுகிறது, பச்சைப் பாஸ்பரும் அதே இடத்தில் சேர்ந்துகொள்கிறது. கிரே கார்டு சாம்பலைச் சாம்பலாக்கும். விளக்கில் இல்லாத சிவப்பை அதனால் கொண்டுவர முடியாது.

கூல் ஒயிட் ட்யூபுக்கு ஃபிலிம் காலத்தில் லென்ஸில் 30 என்ற அளவுள்ள மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) ஃபில்டர் ஒன்றைப் போடுவார்கள். இப்போது ரா (RAW) கோப்பாக எடுத்து, எடிட்டிங் மென்பொருளில் டிண்ட் ஸ்லைடரை மெஜந்தா பக்கம் நகர்த்தினால் பச்சை போய்விடும். 24 கட்ட நிற அட்டையை அதே வெளிச்சத்தில் ஒருமுறை எடுத்து கேமரா புரொஃபைல் (மென்பொருளுக்கான நிறத் திருத்தக் குறிப்பு) செய்துகொண்டால் தோலின் நிறம் இன்னும் தேறும். இருந்தாலும் மென்பொருளில் பாடுபடுவதை விட நல்ல ட்யூப் வாங்குவதே என் கட்சி.

இன்னொன்று. ஒன்று ஃபியூஸ் ஆனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். புது ட்யூப் 100 மணி நேரம் எரிந்த பிறகுதான் நிலைக்கு வரும். தினமும் போட்டதும் பத்து நிமிடமாவது காத்திருந்து, அதன் பிறகே ஒயிட் பேலன்ஸ் எடுங்கள்.

கேள்வி: நானே ஒரு லைட் பேனல் செய்ய விரும்புகிறேன். எத்தனை ட்யூப், என்ன அளவு?

பதில்: ஒருவரை இடுப்புவரை எடுக்க நான்கு ட்யூப் போதும். டி8 எனப்படும் 26 மில்லிமீட்டர் தடிமனுள்ள நாலடி ட்யூப், 36 வாட். 125 செ.மீ. உயரம், 45 செ.மீ. அகலத்தில் ப்ளைவுட் பலகை. இரண்டு ட்யூபுக்கு ஒன்றாக இரண்டு எலக்ட்ரானிக் சோக், ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச். வெளிச்சம் அதிகமானால் ஒரு ஜோடியை அணைத்துவிடலாம்.

ட்யூப்களை நெருக்கி அடுக்கினால் வெளிச்சம் கூடும் என்று நினைக்கத் தோன்றும். பின்பக்க வெளிச்சம் ஒன்றின் முதுகில் ஒன்று பட்டு வீணாகும், அவ்வளவுதான். நடுக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கு 10 செ.மீ. விடுங்கள். பலகைக்குப் பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் அடியுங்கள். அலுமினிய ஃபாயில் வேண்டாம்: சுருக்கங்களில் வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெறிக்கும், அதை விட முக்கியம், ஹோல்டர் பக்கத்தில் மின்சாரம் கடத்தும் தகடு இருக்கவே கூடாது. சோக்கின் உறை உலோகமாக இருந்தால் எர்த் வயர் கட்டாயம். ஒயரிங் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்துகொள்ளுங்கள்.

முன்னால் வெள்ளைத் துணியோ ட்ரேசிங் பேப்பரோ கட்டும்போது, ட்யூபுக்கும் துணிக்கும் உள்ள தூரம் ட்யூப்களின் இடைவெளியை விட அதிகமாக இருக்க வேண்டும். 10 செ.மீ. இடைவெளிக்கு 15 செ.மீ. இதைக் குறைத்தால் துணியில் நான்கு கோடுகள் தெரியும். அதே நான்கு கோடுகள் கண்மணியிலும் தெரியும். ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வையுங்கள். தலைக்கு மேல் தொங்கவிடுவதானால் ட்யூபுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டாமல் யாரையும் கீழே உட்காரவைக்காதீர்கள்.

உட்காருபவரின் ஒரு பக்கம், 45 டிகிரியில், ஒரு மீட்டர் தூரத்தில் பேனலை நிமிர்த்தி, மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு மேலே நன்றாகத் தூக்கி நிற்கும்படி வையுங்கள். மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை. பேனலை விலக்கினால் வெளிச்சம் எவ்வளவு குறையும் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தூரம் இரட்டித்தால் இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) என்ற விதி சிறு விளக்குக்கு. நாலடி ட்யூபை 60 செ.மீ.யிலிருந்து 120 செ.மீ.க்கு நகர்த்தினால் சுமார் ஒன்றரை ஸ்டாப்தான் குறையும். அதனால் பின்சுவர் எதிர்பார்த்ததை விட வெளிச்சமாக வரும். சுவர் இருட்ட வேண்டுமானால் ஆளைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது முன்னே கொண்டுவந்து, பேனலின் சுவர்ப்பக்க விளிம்பில் கறுப்பு அட்டை ஒன்றைச் செருகுங்கள்.

கேள்வி: இதற்கு எக்ஸ்போஷர் என்ன வைப்பது?

பதில்: முகத்தருகே லக்ஸ் மீட்டரை (வெளிச்சத்தை அளக்கும் கருவி) பிடியுங்கள். 1000 லக்ஸ் காட்டினால் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 400, லென்ஸ் துவாரம் எஃப்/4, ஷட்டர் 1/100. 500 காட்டினால் ஐஎஸ்ஓ 800. எலக்ட்ரானிக் சோக் இருந்தால் எஃப்/2.8, 1/200 என்று மாற்றிக்கொள்ளலாம். துறுதுறுவென்றிருக்கும் குழந்தைகளுக்கு இதுதான் சரிப்படும். ஃப்ளாஷ் தரும் அளவுக்கு வெளிச்சத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: சாதாரண டிம்மர் போட்டு வெளிச்சத்தைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. ட்யூப் சிமிட்டும், சோக் கெடும். டிம் செய்வதற்கென்றே வரும் சோக்கில் மட்டும் முடியும். அதிலும் நிறம் கொஞ்சம் நகரும். ஜோடியை அணையுங்கள், அல்லது பேனலை விலக்குங்கள்.

கேள்வி: கண்ணாடி போட்டவர்களை எடுத்தால் லென்ஸ் முழுக்க வெள்ளைப் பட்டை. என்ன செய்வது?

பதில்: பெரிய விளக்கின் கூலி அது. பேனலைக் குறுக்காகப் படுக்கவைத்து, கேமராவுக்கு மேலே உயர்த்தி, கீழ்நோக்கிச் சாயுங்கள். கண்ணாடியின் காதுப்பிடியை ஒரு சென்டிமீட்டர் தூக்கிவிட்டால் லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும். பிரதிபலிப்பு பெரும்பாலும் கேமராவை விட்டு விலகிவிடும். முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள். அப்படியும் போகாவிட்டால் கேமராவை நகர்த்தாமல் பேனலைப் பக்கவாட்டில் அங்குலம் அங்குலமாகத் தள்ளிப் பாருங்கள்.

கேள்வி: ட்யூப்லைட்டோடு ஃப்ளாஷும் சேர்த்து அடித்தால் முகம் ஒரு நிறம், பின்னணி ஒரு நிறமாக வருகிறது.

பதில்: இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். ஃப்ளாஷின் மேல் பச்சை ஜெல் (ஒளி ஊடுருவும் வண்ணத் தாள்) ஒட்டி, ட்யூபுக்கு ஏற்ற ஒயிட் பேலன்ஸ் வையுங்கள். இல்லாவிட்டால் ட்யூபை அடக்கிவிடுங்கள்: மேலே சொன்ன 1000 லக்ஸ் அறையில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/200 வைத்தால் ட்யூப் வெளிச்சம் 5 ஸ்டாப் கீழே போய்விடும், படத்தில் ஃப்ளாஷ் மட்டுமே மிஞ்சும். ட்யூப் வெளிச்சம் ஜன்னல் வெளிச்சத்தோடு கலக்கும்போது இந்த வசதி கிடையாது. திரையை மூடுவதே மேல்.

கேள்வி: ட்யூப்லைட் வழக்கொழிகிறதாமே? இப்போது வாங்கலாமா, எல்இடிக்கு மாறலாமா?

பதில்: புதிதாகத் தொடங்குபவர் எல்இடிக்கே போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் டி5, டி8 ட்யூப்களை 2023 ஆகஸ்டுக்குப் பின் சந்தைக்குக் கொண்டுவர முடியாது. பாதரசம் தொடர்பான மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகளும் நீண்ட ட்யூப்களின் தயாரிப்பு, ஏற்றுமதி, இறக்குமதியை 2027 இறுதிக்குள் முடிக்க 2023-இல் ஒப்புக்கொண்டன. கையில் பேனல் உள்ளவர்கள் 9-இல் தொடங்கும் ட்யூப் ஒரு செட் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் பத்து நிமிடம் வெளியே இருங்கள். துண்டுகளைத் தடித்த அட்டையால் அள்ளி, பொடியை ஒட்டும் டேப்பால் எடுங்கள். வாக்குவம் கிளீனர் போடவே கூடாது, பாதரசத்தைக் காற்றில் பரப்பிவிடும்.

பழைய பட்டியிலேயே எல்இடி ட்யூப் மாட்டுவதானால் அது உங்கள் சோக்கோடு வேலை செய்யுமா, சோக்கைக் கழற்ற வேண்டுமா என்று உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். வகைக்கு வகை ஒயரிங் வேறு. எல்இடி பின்பக்கம் வெளிச்சம் வீசாது. எனவே வெள்ளைப் பலகை பெரிதாக உதவாது, துணியை இன்னும் 5 செ.மீ. தள்ளிக் கட்ட வேண்டியிருக்கும். மலிவான எல்இடியும் 100 துடிப்புத் துடிக்கும் என்பதால், வாங்கும் முன் அதே வெள்ளைச் சுவர், 1/1000 சோதனையைச் செய்துவிடுங்கள்.