தலைக்கு மேல் போகும் பந்தை விட்டுவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஓய்வுபெற்றவர்கள் ஏழு பேர், வயது 60 முதல் 71 வரை. மாலையில் பிள்ளைகள் ஷட்டில் ஆடும் சிமென்ட் கோர்ட் காலையில் சும்மா கிடக்கிறதே என்று அதில் பிக்கிள்பால் ஆரம்பித்தோம் (ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தைப் பேடில் என்ற மட்டையால் நெட்டுக்கு மேல் அடிக்கும் ஆட்டம்). இரண்டாவது வாரமே நண்பர் ஒருவர் மல்லாந்து விழுந்து, மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு இருக்கிறார். "இந்த வயதில் இது தேவையா" என்று எல்லா வீட்டிலும் பேச்சு. எனக்குச் சர்க்கரைக்கு மாத்திரை ஓடுகிறது, இப்போது முழங்கையும் வலிக்கிறது. ஜெயித்தவர்களே தொடர்ந்து ஆடுவதால் காத்திருப்பவர்களுக்கு மனத்தாங்கல் வேறு. இதற்கிடையில் எங்கள் மனைவிமார் நான்கு பேர் தாங்களும் வருவதாகச் சொல்கிறார்கள். தொடரலாமா, விட்டுவிடலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

விட வேண்டாம். ஆனால் நண்பர் விழுந்த விதத்தை ஏழு பேரும் புரிந்துகொண்ட பிறகு தொடருங்கள். உயரமாக வந்த பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னுக்கு நடந்திருப்பார். இந்த ஆட்டத்தில் நம் வயதுக்காரர்கள் மோசமாக விழுவது பெரும்பாலும் இப்படித்தான். தலை பின்னால் சாய்கிறது, பாரம் குதிகாலுக்குப் போகிறது, குதிகால் தரையில் தட்டுகிறது. கை தானாகப் பின்னால் ஊன்றும். உடம்பின் மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும்.

தலைக்கு மேல் போகும் பந்துக்கு இரண்டே வழிதான். ஒன்று, விட்டுவிடுவது. ஒரு பாயிண்ட்தானே. இரண்டு, திரும்பி ஓடுவது. வலக்கைக்காரர் முதலில் வலது காலைப் பின்னால் வைத்து, இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பி, தோளுக்கு மேலாகப் பந்தைப் பார்த்துக்கொண்டு முன்னோக்கி ஓடுவது போலவே ஓட வேண்டும். அப்படிப் பத்து முறை பந்தில்லாமல் நடந்து பழகுங்கள். கூட ஆடுபவர் குறுக்காக ஓடி எடுப்பது இன்னும் எளிது, அதற்கு "உங்களுது" என்று சத்தமாகச் சொல்லும் பழக்கம் வேண்டும். மௌனமாக ஆடும் ஜோடிகள்தான் முட்டிக்கொள்ளும்.

கோர்ட்டுக்குப் பெரிய செலவில்லை. 1965-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிச்சர்டும் நண்பர்களும் இதை ஆரம்பித்ததே ஒரு பழைய ஷட்டில் கோர்ட்டில்தான். அளவு இன்றும் அதே 20-க்கு 44 அடி. ஷட்டிலின் முன் சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து ஆறரை அடியில் இருக்கும், உங்களுக்கு வேண்டியது ஏழடி. அந்த ஒரு கோட்டை இரண்டு பக்கமும் 2 அங்குல டேப்பால் ஒட்டுங்கள். பின்பக்கம் இரட்டையர் சர்வீஸுக்கு உள்ள கூடுதல் கோட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நெட்டின் மேல் விளிம்பு ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. ஷட்டில் நெட்டையே இறக்கிக் கட்டினால் அடியில் அரையடி சந்து விழும், ஆட்டத்துக்குப் பாதகமில்லை. காலையில் பனி ஈரமோ மணலோ இருந்தால் முதலில் பெருக்குங்கள். ஈரம் காயாவிட்டால் அன்றைக்கு வாக்கிங்.

அந்த ஏழடிப் பகுதிக்குக் கிச்சன் என்று பெயர். அங்கே கால் வைத்துக்கொண்டு, பந்து தரையில் குத்துமுன் அடிக்கக் கூடாது. அடித்த வேகத்தில் உள்ளே போய்விட்டாலும் தவறுதான். குத்தி எழுந்த பந்தை உள்ளே போய்த் தாராளமாக எடுக்கலாம். நெட்டோரம் நின்று ஓங்கி அடிக்கும் இளவட்டங்களின் கையைக் கட்டிப்போடுவது இந்த விதிதான். சர்வ் ஒரு முறை குத்த வேண்டும், அதைத் திருப்பியடித்த பந்தும் ஒரு முறை குத்த வேண்டும். ஆகவே சர்வ் போட்ட ஜோடி பின்கோட்டிலேயே நிற்க வேண்டும். சர்வ் போட்டதும் முன்னால் ஓடினால் மறுபடி பின்னுக்கு நடக்க வேண்டிவரும், விழுவதற்கு அது இன்னொரு வழி.

முதல் இரண்டு வாரம் மேட்சே வேண்டாம். கிச்சன் கோட்டுக்கு வெளியே எதிரெதிரே நின்று, நெட்டை ஒட்டி மெதுவாக எதிர்க் கிச்சனில் விழும்படி தட்டுங்கள். இதுதான் டிங்க். சலிப்பாக இருக்கும், பரவாயில்லை. உங்கள் வயதில் பாயிண்ட் எடுத்துத் தருவது இதுதான்.

முழங்கை வலிக்குப் பெரும்பாலும் காரணம் இறுக்கிப் பிடிப்பது. பேடிலைக் குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள், மணிக்கட்டை வெட்டாமல் தோளிலிருந்து வீசுங்கள். பேடில் 210 முதல் 230 கிராம், தடிமன் 16 மில்லிமீட்டர் போதும். 13 மில்லிமீட்டர் பேடிலில் பந்து சீறும், அதிர்வும் அதிகம். வெளிக் கோர்ட்டுக்கு 40 ஓட்டைப் பந்து. தட்டும் சத்தம் மாறினால் பந்தைச் சுற்றிப் பாருங்கள், ஓட்டைக்கு ஓட்டை விரிசல் ஓடியிருக்கும். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் வலி குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாக்கிங் ஷூ போடாதீர்கள். அதன் உயர்ந்த மெத்தை அடிப்பாகம் பக்கவாட்டில் காலை மடக்கிவிடும். ஷட்டில் அல்லது டென்னிஸ் ஷூதான் சரி. கண்ணாடியையும் பாருங்கள். புரோகிரசிவ் கண்ணாடியின் கீழ்ப்பாதி வாசிப்பதற்கானது, காலடியில் வரும் பந்து அதில் மங்கலாகத் தெரியும். தூரப்பார்வைக்கு மட்டுமான பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்று தனியாக வைத்துக்கொண்டால் பந்தும் தெரியும், கண்ணில் அடிபடாமலும் இருக்கும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ஆடும்போது சர்க்கரை இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ என்றால் வெறும் வயிற்றில் ஆடாதீர்கள். நடுக்கமோ படபடப்போ வேர்வையோ கண்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு அந்தப் படபடப்பு தெரியாமலே போகலாம், மற்றவர்கள் கவனிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வலி இல்லை என்றாலும் அப்போதே மருத்துவமனை. நெஞ்சுவலி வரலாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

மனத்தாங்கலுக்கு மருந்து சுலபம். வெற்றி தோல்வி எதுவானாலும் ஆளுக்கு இரண்டு ஆட்டம், பிறகு வெளியே. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இரண்டை முடித்த இருவர் போவார்கள், இருவர் வருவார்கள். மிச்சமிருக்கும் இருவரை எதிரெதிர்ப் பக்கம் பிரித்து நிறுத்துங்கள். காத்திருப்பவர்கள் பேடில்களை வரிசையாகப் பெஞ்சில் வைத்தால் யார் முறை என்ற கேள்வியே எழாது. நிரந்தர ஜோடி கூடவே கூடாது. குழு உடைவது அங்கேதான்.

மனைவிமாரைச் சேர்ப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். சர்வைக் கையைக் கீழிருந்து மேலாக வீசித்தான் போட வேண்டும், கிச்சன் விதியும் இருக்கிறது, ஆகவே புஜபலத்துக்கு இங்கே மவுசு குறைவு. மாதவிடாய் நின்றவர்களுக்கு எலும்பு தேய்ந்திருக்கலாம் என்பதால் எலும்பு அடர்த்திச் சோதனை ஒன்று எடுத்துக்கொள்ளட்டும். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் வந்தால் ஒருவர் மூன்று நான்கு ஆட்டம் உட்கார வேண்டிவரும். ஆறு பேர் ஆறரை மணிக்கு, ஐந்து பேர் ஏழரைக்கு என்று பிரியுங்கள். பிளாஸ்டிக் பந்தின் டொக் டொக் மாடி வரை கேட்கும். ஆறரைக்கு முன்னால் ஆரம்பித்தால் அசோசியேஷன் வாட்ஸப்பில் புகார் வந்துவிடும்.